ஓடிபி யார் போனுக்கு வரும்?

எங்கள் பல்கலைக்கழக மெயில், நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான வொர்க்ஸ்பேஸில் ஓடுகிறது. அட்மின் பக்கத்தில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொரு சான்றையும் கேட்பதை, கட்டாயமாக்கித் தேதி குறிப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தேதிக்குள் பதிவு செய்யாதவர் மெயிலைத் திறக்க முடியாது. அதனால் அதற்கு முந்தைய செமஸ்டர் முழுக்க நானும் கணினி மையத்து நண்பர்களும் துறை துறையாக ஏறி இறங்கினோம்.

“உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே அழுத்தவும்” என்று வரும் மெயிலை நம்பி யாராவது பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவதும், ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கணக்கிலிருந்து ஊருக்கெல்லாம் ஸ்பேம் போவதும் வாடிக்கையாகியிருந்தது. பாஸ்வேர்டு மட்டும் போதாது என்பதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்து இல்லை.

அறிவிப்பை முதலில் மெயிலில் அனுப்பினோம். “சார், இதுவே ஃபிராடு மெயில் மாதிரி இருக்கே?” என்று வரிசையாகப் போன் வந்தது. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்; லிங்கை அழுத்தாதீர்கள் என்று வருஷக்கணக்காகக் கத்தியது காதில் விழுந்திருக்கிறதே! பிறகு பதிவாளர் கையெழுத்தோடு சுற்றறிக்கை காகிதத்தில் போனது. அதில் லிங்க் எதுவும் கிடையாது. கூகுள் கணக்கில் ‘பாதுகாப்பு’ பகுதிக்கு நீங்களே போங்கள் என்று வழி மட்டும் சொன்னோம்.

“என் சொந்த போன்ல ஆபீஸ் ஆப் எதுக்குங்க?” இதைக் கேட்காத துறை இல்லை. நியாயமான கேள்வி. வாயால் விளக்குவதைவிட, போனை ஏர்பிளேன் மோடில் போட்டு ஓடிபி எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து காட்டுவது சுலபமாக இருந்தது. நெட் இல்லை, சிக்னல் இல்லை, ஆனாலும் 30 விநாடிக்கு ஒரு புது ஆறு இலக்க எண் வருகிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது போனுக்குள் போன ரகசியச் சாவியையும் அந்தந்த நேரத்து மணியையும் வைத்து ஆப்பே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஓர் உதவிப் பேராசிரியைக்கு மட்டும் என்ன எண் போட்டாலும் தவறு என்றே வந்தது. காலேஜ் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று போன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்! தானியங்கி நேரத்துக்கு மாற்றியதும் சரியானது.

பட்டன் போன் வைத்திருந்த மூத்த பேராசிரியர்களுக்கு எஸ்எம்எஸ். கூடவே, போன் கையில் இல்லாதபோது பயன்படுத்த எட்டு இலக்க பேக்கப் கோடுகள் பத்தையும் அச்செடுத்துக் கொடுத்தோம். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓடிபி எல்லாம் தெரியாது. இப்படி ஓடிபி கேட்க முடியாத கருவிகளுக்காகக் கூகுள் தரும் பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்டை அதன் குட்டித் திரையில் தட்டி முடிப்பதற்குள் விரல் வலித்தது.

உண்மையான தலைவலி பொதுக் கணக்குகள். தேர்வுப் பிரிவு மெயிலை நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் திறந்துகொண்டிருந்தார்கள். அதில் பதிவாகியிருந்த செல் நம்பரோ எப்போதோ ஓய்வுபெற்ற கண்காணிப்பாளருடையது. ஓடிபி அவர் வீட்டுக்குப் போகும், இவர்கள் அவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்! நம்பரை மாற்றினால் மட்டும் தீராது. புது நம்பருக்கு உரியவர் லீவு போட்டால் ஆபீஸே நிற்கும். அதனால் ‘டெலிகேட்’ வசதியைத் திறந்துவிட்டோம். அவரவர் சொந்தக் கணக்கில், சொந்தப் போன் எண்ணோடு நுழைந்து, அங்கிருந்தே தேர்வுப் பிரிவுப் பெட்டியைத் திறக்கலாம். பொதுக் கணக்கின் பாஸ்வேர்டு இப்போது யாருக்கும் தேவையில்லை. அந்தக் கணக்கின் இரண்டாம் படியான யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி) பிரிவு அலுவலரின் பீரோவில் இருக்கிறது. வேலையிலேயே அதிக நேரம் தின்றது இதுதான், அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

கட்டாயமாக்கும் தேதியைத் தேர்வு, அட்மிஷன் இரண்டும் இல்லாத வாரமாகப் பார்த்து வைத்தோம். அன்று கவுண்டரில் கூட்டம் இருந்தது, கூச்சல் இல்லை.

இப்போது வருவதெல்லாம் போன் தொலைத்தவர்கள், புது போன் வாங்கிப் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டவர்கள். அடையாள அட்டையோடு நேரில் வந்தால் பேக்கப் கோடு எடுத்துத் தருகிறோம். போனில் கேட்டால் தருவதில்லை, துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்றாலும்.