கல்கிசைக் கடற்கரையில் கல்யாணமா? முதலில் காற்றைப் பாருங்கள்

கொழும்பை அடுத்த கல்கிசையில் கடற்கரைக் கல்யாணம் என்றதும் சொந்தக்காரர் ஆளுக்குப் பத்துப் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். வெள்ளவத்தை மண்டபத்துக்கு அது போதும். மணலில் அதில் பாதி எடுபடாது. மெல்லிய கிட்டார், தனி வீணை, முணுமுணுப்பாகத் தொடங்கும் குரல் எல்லாம் அலைச்சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். சுவரும் கூரையும் இல்லாததால் ஒலி திரும்பி வராது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறைந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், கடலின் இரைச்சலும் கூடும்.

ஆகவே சடங்குக்கு மேளம், பொம்பிளை நடந்து வருவதற்கும் சாப்பாட்டுக்கும் ரெக்கோர்டிங். எங்கள் கணக்கு இதுதான். நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். ஐம்பது அறுபது பேர் நெருக்கமாக இருந்தால் அதற்கு மைக்கே தேவையில்லை.

அடுத்தது திசை. மணமக்களைக் கிழக்குப் பார்த்து இருத்துவது வழக்கம். கொழும்பில் கடல் மேற்கே. அதனால் மணவறையின் முதுகு கடலுக்கு, சனத்தின் முகம் கடலுக்கு என்று தானாகவே அமைந்துவிடும். பின்னேரக் கடற்காற்று மணவறையிலிருந்து சனத்தை நோக்கி அடிக்கும். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து காதுக்கு வரும். காற்றை எதிர்த்துப் போவது மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். ஸ்பீக்கர் இரண்டையும் மணவறையின் இரு பக்கமும் வைத்துச் சனத்தைப் பார்க்கத் திருப்பினால் பின்னேரத்துக்குச் சரி.

காலை முகூர்த்தமானால் கதை வேறு. தை, மாசிக் காலைகளில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்குப் போகும். மணவறைப் பக்கத்து ஒலி அதை எதிர்த்துப் போக வேண்டிவரும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். நடுவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு சோடி ஸ்பீக்கர் வைத்து எல்லாவற்றையும் குறைத்து விடுவதே வழி. ஸ்பீக்கர் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே இரண்டடிச் சதுரப் பலகை போடாவிட்டால் அது மணலில் புதைந்து சரியும்.

இனி மேளம். யாழ்ப்பாண முறைக் கல்யாணத்தில் இசைக்கு நீண்ட இடம் கிடைப்பது பொம்பிளை கூறைச் சேலை மாற்றப் போகும்போதுதான். மண்டபத்தில் இருபது நிமிடம் என்றால் கடற்கரையில் அரை மணி. அறை ஹோட்டலுக்குள் இருக்கும், மணலில் நடந்து போய்வர வேண்டும். அந்த இடைவெளியில் சினிமாப் பாட்டாக வாசிக்கச் சொல்லி வீணாக்காதீர்கள். கல்யாணி, காம்போதி, தோடி என்று ஏதாவது ஒன்றை விரிவாக ஆலாபனை செய்துவிட்டுத் தனித்தவிலுக்கு விடச் சொன்னால் சனம் இருந்த இடத்தை விட்டு எழும்பாது. முகாரி வேண்டாம் என்று மேளகாரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் போனில் போடும் வாத்திய இசைத் தொகுப்புகளில் சோக ராகம் நுழைந்துவிடும். முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தவிலுக்குக் கடற்காற்றின் ஈரம் ஆகாது. தோல் தளர்ந்து சத்தம் 'பொத் பொத்' என்று ஆகிவிடும். வெயிலில் வைத்தாலோ அளவுக்கு மீறி இறுகும். நிழலில் வைத்துவிட்டு, தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நட்டை இறுக்கிச் சுருதி பார்க்க நேரம் கொடுங்கள். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியும் நாணல்தான், ஈரத்துக்கும் உலர்வுக்கும் மாறும். சீவாளி மாற்ற ஒரு நிமிடம் கேட்டால் அவசரப்படுத்த வேண்டாம்.

மேளகாரரை எங்கே இருத்துவது என்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று தூரத்தில் தென்னைமரத்தடியில் இருத்திவிடுவார்கள். 'கெட்டிமேளம்' என்று ஐயர் சொல்வது அலையில் கேட்காது, கையைத் தூக்கினாலும் வீடியோகாரர் மறைத்து நிற்பார். தாலி ஏறி முடிச்சும் போட்ட பிறகு மேளம் முழங்கி என்ன பயன்? ஐயரிலிருந்து மூன்று நான்கு மீற்றருக்குள், அவர் கை தெரியும் பக்கத்தில் இருத்துங்கள். ஐயரின் கொலர் மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போதாது. ரோமம் வைத்த காற்றுறை வேண்டும். இல்லையென்றால் மந்திரத்துக்குப் பதிலாகப் 'புர்ர்' என்ற சத்தம்தான் வரும்.

பொம்பிளை நடந்து வரும் பாட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. சேலையோடு மணலில் விநாடிக்கு அரை மீற்றர் நடந்தால் பெரிய விஷயம். 25 மீற்றர் நடைபாதைக்கு 50 விநாடி. நிறையப் பாட்டுகளில் முன்னிசையே 30, 40 விநாடி போகும். பல்லவி வரும்போது பொம்பிளை மணவறையில் இருப்பார். பல்லவியிலிருந்து தொடங்குமாறு வெட்டி, 90 விநாடிக்கு நீட்டி, கடைசியில் மெல்லத் தணியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதே மணலில் செருப்பில்லாமல் ஒருமுறை நடந்து நேரம் பாருங்கள். பாட்டுகள் போனிலேயே இறக்கப்பட்டிருக்க வேண்டும், போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். மாமாவின் வைபர் அழைப்பு மணி ஸ்பீக்கரில் கேட்கக் கூடாதல்லவா.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி ஹோட்டல் எடுக்கிறதா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். இரவு எத்தனை மணிவரை ஒலிபெருக்கி போடலாம் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, கொள்ளுப்பிட்டி முதல் கல்கிசை வரை ரயில்பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. வேலை நாட்களில் அலுவலகம் விடும் நேரத்தில் ரயில்கள் அடுத்தடுத்து வரும். சுபநேரம் அரை மணிக்கு மேல் இருந்தால், ரயில் நேர அட்டவணையை ஐயரிடம் காட்டி, தாலி கட்டுவதை இரண்டு ரயிலுக்கு இடையில் வைக்கச் சொல்லலாம்.