ஸ்டோக்சே வாசல் வீடு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இருக்கும் ஸ்டோக்சே கோட்டைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கூட்டமெல்லாம் இல்லை, வாசல் அப்படி.

பெயர்தான் கோட்டை. லட்லோ ஊர் கம்பளி வியாபாரி லாரன்ஸ் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு அது. பணக்காரர் இல்லையா, 1291-ல் அரண் எழுப்ப ராஜாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். உள்ளே போகும் வழியில் நிற்கும் வாசல் வீடு மட்டும் ரொம்பப் பிந்தியது, 1640-41ல் வந்தது. கல் கோட்டைக்கு முன்னால் மரச்சட்டமும் மஞ்சள் பூச்சுமாக ஒரு மாடி வீடு! எதிரியைத் தடுக்கவா இது? வருகிறவர் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடமே ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1645-ல் சண்டையே இல்லாமல் கோட்டை சரணடைந்தது.

இந்த மாதிரிக் கட்டடங்களில் ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்துச் செதுக்குவார்கள். ஒரு சட்டத்தின் கழுந்தை, அதாவது நுனியில் ஒல்லியாகச் செதுக்கிய நாக்கை, அடுத்ததன் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். மரம் காயக் காய முறுகும், இணைப்பு இறுகும். அதனால் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு எதையும் அங்கே தேடக்கூடாது. எனக்கு அந்தக் கோணல்தான் பிடித்தது.

அப்புறம், நுழையும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். மரத்தில் ஆதாமும் ஏவாளும் செதுக்கியிருக்கிறார்கள். பாம்பும் உண்டு. நாலு நூற்றாண்டு மழை தின்றதில் முகங்கள் மழுங்கி, இரண்டு பேரும் லேசாகத் தூங்குவது போல இருந்தது.