கல்லட்டி இறக்கத்தில் பழைய ஆம்னி

மலைப்பாதையில் ஏறுவதுதான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் வண்டிக்கு முடியாமல் போனால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் முடியாமல் போனால் நிற்காது. குளிர்காலத்தில் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. விடுமுறைக்கு நீலகிரிக்கு வருகிறவர்கள் அதிகமாகும் நேரம் இது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழிகள். கூடலூரைச் சுற்றிப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல். தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கினால் அதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதிக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1,000 மீட்டருக்கும் மேல் இறக்கம். வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் இந்த வழியில் ஏறலாம், இறங்கக் கூடாது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பலகை இருந்தால் இறங்கலாம். உயிர்ப்பலிகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. இதைத் தளர்த்த வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

நான் மசினகுடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் இந்த வழியில் இறங்கி, மாலையில் ஏறுகிறேன். வண்டி, அப்பா 1999-இல் வாங்கிய மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், கையால் இழுக்கும் சோக். 15 ஆண்டு முடிந்ததும் 2014-இலும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாக 2019-இலும் 2024-இலும் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம். கடைசி முறை கட்டணமே 5,000 ரூபாய். அந்தப் பணத்தில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவின் கை பட்ட ஸ்டியரிங் அது. தவிர, இந்த மலையில் எனக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த வண்டி வேறில்லை.

என்னோடு இரண்டு டீச்சர்கள் வருகிறார்கள். ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. கோடையில் அந்தச் சூடு தொல்லை. மார்கழியில் அதைப் போன்ற சுகம் கிடையாது. வண்டி அரைமணி நேரம் ஓடியதும் சீட் இதமாகச் சூடேறும். அதனால் முன்சீட் யாருக்கு என்பதில் இருவருக்கும் முறை வைத்திருக்கிறோம். பின்னால் உட்காருகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "தலைகுந்தா தாண்டிவிட்டோமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

தலைகுந்தாவின் பெயரை டிசம்பர், ஜனவரி செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். உறைபனிப் படம் என்றாலே அந்தப் புல்வெளிதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டு முற்றம் ஈரமாக மட்டும் இருக்க, பள்ளத்துப் புல் வெளுத்துக் கிடக்கிறது. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்களுக்கு அது அழகான காட்சி இல்லை. தேயிலைக் கொழுந்தும் ஒரே இரவில் கருகிவிடும். அந்த வெள்ளைப் புல்லில் நின்று படம் எடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம்.

வண்டிக்கு வருகிறேன். இரவில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பதில்லை. நனைந்த கேபிள் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் விடாது. கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவேன். முன்கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் கீறினால் தூளாக உதிரும். அதன் மேல் வெந்நீர் ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். செய்யாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். குழாய்த் தண்ணீரே போதும். உறைபனியோடு ஒப்பிட்டால் அதுவே சூடுதான். ஊற்றிய உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் உறையும். வைப்பரைப் போட்டு இழுத்தால் ரப்பர் கிழியும். உட்பக்கம் மூச்சுக்காற்றில் ஆவி படியாமலிருக்க, முந்தின நாளே ஒரு சொட்டு ஷாம்பூவைத் துணியில் தொட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து வைப்பேன். இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். குளிர் அடிக்கும்தான். வழி தெரிய வேண்டுமே.

இனி கியர். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் மெக்கானிக் வயதில் மூத்தவர். பாய் என்று கூப்பிடுவோம். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். நான் முதலில் கல்லட்டியில் இறங்கக் கிளம்பியபோது அவர் சொன்னது: "எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும், டீச்சரம்மா. பிரேக் என்பது நிற்பதற்கு. வேகத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளட்டும்." மலையில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்வார்கள். ஏன் என்று புரிந்தால்தான் அது காலுக்கு இறங்கும்.

இறங்கும் வண்டியின் வேகத்தை பிரேக்கால் மட்டும் தடுத்தால் அந்த ஆற்றல் முழுவதும் சூடாகி, சக்கரத்தோடு சுழலும் டிரம்மிலும் அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கிலும் சேரும். சமவெளியில் ஒருமுறை மிதிக்கிறோம், பிறகு ஆற நேரம் கிடைக்கிறது. இங்கே ஒரு வளைவில் சூடானது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிரம் சூட்டில் விரியும். லைனிங் பிடிப்பை இழக்கும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 என்று தரநிலையே சொல்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள். எண்ணெயை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும்; ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். வெளியே குளிர் இரண்டு டிகிரி என்பதால் பிரேக் சூடாகாது என்று நினைக்க வேண்டாம். சக்கரத்துக்குள் நடப்பது வேறு கணக்கு.

அதனால் கல்லட்டியில் நான் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. செங்குத்தான வளைவுகளில் முதல் கியர். கியரை வளைவுக்குள் போய் மாற்றக் கூடாது, நேரான பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். என்ஜின் உறுமும். முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவோ உடையப்போகிறது என்று பயப்படுவார்கள். உடையாது, அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. பிரேக்கைத் தொட்டால் அழுத்தித் தொட்டு, வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுவேன். காலை மெல்ல வைத்தபடியே இறங்குவதுதான் டிரம்மை வேக வைப்பது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாவியையே அணைத்துவிடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு தேநீர்க் காசு பெறாது.

பனிமூட்டத்தில் ஹைபீம் போடாதீர்கள். வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். லோபீம் சாலையைக் காட்டும். தார்ச்சாலையில் வெள்ளையாகப் பனி படிவது அபூர்வம். ஆனால் சோலை நிழல் விழும் வளைவுகளில் ஈரம் வெயில் ஏறியும் காயாது, அதன் மேல் கற்பூர மரத்து இலைகள் ஒட்டிக் கிடக்கும். அங்கே ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. முதலில் வேகம் குறைய வேண்டும், பிறகுதான் திருப்பம்.

சென்ற மாதம் ஒரு காலை, ஒரு வளைவுக்கு முன் வழக்கம்போல் ஹாரன் அடித்துக் காத்திருந்தேன். பதில் ஹாரன் வரவில்லை. மூட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. காட்டெருமைகள். பெரியது ஒன்று சாலையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. முழங்காலுக்குக் கீழே அதன் கால்கள் வெள்ளைக் காலுறை போட்டது போலத் தெரிந்தன, மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பின்னால் குட்டி ஒன்று இருந்தது. மீண்டும் ஹாரன் அடிக்கவில்லை, விளக்கையும் அசைக்கவில்லை. கீழிருந்து ஏறி வந்த காய்கறிப் பிக்கப்பும் நின்றுவிட்டது. அவை தாங்களாகவே சரிவில் இறங்கிய பிறகு பிக்கப் ஓட்டுநர் கையைக் காட்டினார். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பதால் நான் ஓரமாகவே நின்றேன். கடக்கும்போது, "குட்டி வைத்திருக்கிறது அக்கா, கீழேயும் இரண்டு நிற்கின்றன, பார்த்துப் போங்கள்" என்றார். அன்று பள்ளிக்குத் தாமதம்தான். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னேன். அவர்களுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. அவர்கள் வீட்டு வேலிக்கு வருகிற மிருகம் அது.

மாலை ஏற்றம் பொறுமையின் வேலை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஊட்டி மட்டத்தில் இந்தச் சிறிய என்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. மூன்று பேரோடு முதல் கியரில்தான் வளைவுகள். வெப்பமுள் ஏறினால் அகலமான இடத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறும் வரை பேசிக்கொண்டிருப்போம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

குன்னூர் பாதையில் இறங்குகிற வெளியூர்க்காரர்களுக்கும் இதே பாடம்தான். பர்லியாரில் தேநீர் குடிக்க நிறுத்துகிற கார்களின் முன்சக்கரத்தில் கருகல் வாசனை வருவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். சில நேரம் புகையே வரும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இரும்பு விரிசல் விடலாம். வண்டியை நிறுத்தி ஆற விடுங்கள், மீதி இறக்கத்தைச் சின்ன கியரில் முடியுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் குறைத்து வைக்க வழி இருக்கிறது; மலை ஏறுவதற்கு முன்பே அதைத் தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.

என் வண்டியில் ஆண்டுக்கொருமுறை, பனி தொடங்குவதற்கு முன், பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுவோம். இந்த முறை பாய் பழைய எண்ணெயை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பழுப்பேறி, அடியில் கசடு. பின்பக்க லைனிங்கும் தேய்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார். கொஞ்ச நாள் வேண்டாம் பாய், இப்போதே மாற்றுங்கள் என்றேன். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் விடுகிறேன். திங்கட்கிழமை காலைக்குள் முடியாவிட்டால் மூவரும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.