திருவாரூர்ப் பிறந்தார்கள்

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, சென்ற மார்கழித் திருவாதிரைக்குத் திருவாரூர் சென்றிருந்தேன். தியாகேசப் பெருமானின் திருமுகம் மட்டுமே மற்ற நாட்களில் தெரியும். திருவடி தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும்தான்.

முந்தின நாள் மாலையே கோயில் குளமான கமலாலயத்தில் கால் நனைத்துவிட்டுப் படியில் அமர்ந்தேன். பழைய நில அளவில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது வாய்ப்பாட்டுக்கும் முன்பாக எங்களுக்கு மனப்பாடமானது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதைப் பேதைமை என்று ஊருலகம் சொல்லும். எங்கள் அப்பாயிக்கோ அது நடந்த செய்தி. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் இந்தக் குளத்தில்தானே எடுத்தார் என்று, நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொல்லுவாள்.

தேவாசிரியன் மண்டபத்தைக் கும்பிடாமல் அவள் என்னை ஒருநாளும் சந்நிதிக்குள் விட்டதில்லை. அங்கிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் கடந்து போனதும், அது பொறாத விறன்மிண்டர் அவரையே புறத்தே நிறுத்தியதும், அதன்பின் அடியார்களைப் போற்றிச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பிறந்ததும் அந்த இடத்தில்தான் எனக்குச் சொல்லப்பட்டன. விதானத்தில் முசுகுந்தன் என்ற மன்னனின் கதையைத் தீட்டிய ஓவியங்களின் கீழே பழந்தமிழ் வரிகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்காக, கழுத்து வலிக்க அண்ணாந்து அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பாதிக்குமேல் புரியாது. பள்ளிக்கூடம் எனக்குத் தமிழ் கற்பித்தது உண்மைதான். அதன்மேல் ஆசை வந்தது அந்த விதானத்தின் கீழேதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

திருத்தொண்டத்தொகையில், "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்று ஓர் அடி வரும். சுந்தரரே நமக்கு அடியார் என்று சிறுவயதில் நான் குதித்தபோது, அப்பாயி என் காதைப் பிடித்து, "ஒனக்குப் பக்கத்துல நிக்கிறவங்களும் இந்த ஊர்ல பொறந்தவங்கதாண்டா, அவங்களக் கும்புடு" என்றாள். பூக்கட்டுகிறவரிலிருந்து தேர்வடம் பிடிக்க வருகிறவர் வரை யாரையும் நீ, வா என்று பேசவிடாமல் வளர்த்தது அந்த ஓரடிதான்.

விடியற்காலைக் குளிரில் வரிசை மெல்ல நகர்ந்தது. உள்ளே நெருங்க நெருங்கப் பேச்சொலி அடங்கி, "ஆரூரா, தியாகேசா" என்ற குரல் மட்டும் எழுந்தது. திருவடியைக் கண்ட அந்தச் சில நொடிகளில் கேட்க நினைத்திருந்த எதையும் நான் கேட்கவில்லை, கண்ணீர்தான் வந்தது.

வெளியே வந்து தேவாசிரியன் மண்டபத்தருகே நின்றபோது, படியேற முடியாமல் தயங்கிய முதியவர் ஒருவருக்குக் கை கொடுத்தேன். எந்த ஊர் ஐயா என்று கேட்டதற்கு, "பொறந்ததே இங்கதான் தம்பி, கமலாலயக் கரை" என்றார். என் கைகள் தாமாகக் குவிந்தன.