சித்தப்பா கேட்ட சான்றிதழ்

பாளையங்கோட்டையில் வீடு கட்ட வானம் தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு சித்தப்பா போன் செய்தார். "பெரிய பெரிய ஆபீசுகளுக்கெல்லாம் பசுமைச் சான்றிதழ் வாங்கித் தருகிறாயாமே, நம் வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடு தாயி. நடு ஹாலில் மாட்டி வைக்கலாம்" என்றார். உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதலில் பிளானை அனுப்புங்கள் சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஒரு கட்டடம் பசுமைக் கட்டடம் என்று காட்டுவதற்கான கோப்புகளைத் தயாரிக்கிறவள் நான். கம்பித் துண்டுகளை எடைக்குப் போட்ட ரசீது, எரிசாம்பல் செங்கல் வந்த லாரியின் சீட்டு, சூளைக்கும் மனைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, பெயிண்ட் டப்பாவின் விவரத் தாள் என்று ஒவ்வொன்றையும் சேர்த்து, எண் போட்டு, வரிசைப்படுத்தி அனுப்புவேன். இந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சித்தப்பாவுக்கு வெறும் தாள் ஒன்றை வாங்கித் தர மனம் ஒப்பவில்லை.

பிளான் வந்தது. முப்பதுக்கு அறுபது மனை, நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. மேற்குப் பார்த்த மனை, சாலை மேற்கே. முகப்பில் ஹாலுக்குப் பத்தடி அகலத்தில் தரை வரை கண்ணாடி. படுக்கையறைக்கும் மேற்கே பெரிய ஜன்னல். அதற்கு மேல் இரண்டடி சன்ஷேடு. சித்தப்பாவின் மகன் அழகாகத்தான் வரையச் சொல்லியிருந்தான். அந்த ஹாலில் சாயங்காலம் நான்கு மணிக்கு யாரும் உட்கார முடியாது என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. போனில் சொன்னால் எடுபடாது என்று சித்திரை மாதக் கடைசியில் ஊருக்குப் போனேன்.

மனையில் அப்போது பழைய சுற்றுச்சுவர் மட்டும் நின்றது. அதன் மேற்கு முகத்தில், ஜன்னலின் மேல்விளிம்பு வருமென்று நான் குறித்த உயரத்தில், இரண்டடி அகலச் சாரப்பலகை ஒன்றைக் கொத்தனாரைச் சுவரோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடிக்கச் சொன்னேன். மணி நாலரை. பலகையின் நிழல் சுவரில் விழுந்தது. சித்தப்பாவே டேப்பை வைத்து அளந்தார். பதிமூன்று அங்குலம். "நாலடி ஜன்னலில் ஓரடிக்குத்தான் நிழலா? மீதி மூன்றடியும் வெயிலா?" என்று கேட்டார். கொத்தனார் பலகையை இறக்கவே இல்லை. ஐந்து மணிக்கு மறுபடி அளந்தோம். நிழல் இன்னும் குறுகியிருந்தது.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தெற்குச் சுவரைச் சன்ஷேடு காப்பாற்றும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போதும், நம் ஊரில் உச்சிப்பொழுதில் அது 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. இரண்டடி சன்ஷேடு இருந்தால் நாலடி ஜன்னலில் மூன்றடிக்கு மேல் நிழல் கிடைக்கும். மேற்கிலும் கிழக்கிலும் வெயில் தாழ்ந்து, கண்ணுக்கு நேராக வருகிறது. தலைக்கு மேல் இரண்டடி நீட்டிய எதுவும் அதைச் சரியாகத் தடுக்காது. கிழக்கு வெயிலையாவது பொறுத்துக்கொள்ளலாம், இரவெல்லாம் ஆறிய வீட்டின் மேல் அது விழுகிறது. மேற்கு வெயில் பகல் முழுக்கச் சுட்ட வீட்டின் மேல் விழுகிறது.

அப்படியானால் மேற்கை மொத்தமாக அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அது முடியாது. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றுதான் நெல்லைச் சீமையின் உயிர். குற்றாலத்துச் சாரலும் அந்தக் காற்றோடுதான் வருகிறது, கயத்தாற்றுக் காற்றாலைகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்தக் காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஏசி போடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. வெயில் வேண்டாம், காற்று வேண்டும். இரண்டும் ஒரே திசையிலிருந்து வருகின்றன.

இதற்கு விடை ஹைதராபாத்தில் நான் பார்த்த ஒரு கட்டடத்தில் இருந்தது. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சோராப்ஜி கோத்ரேஜ் பசுமை வணிக மையம். 2003-இல் அமெரிக்காவின் லீட் தரமுறையில் உச்சத் தரமான பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரம் பெற்ற முதல் கட்டடம் அது. 2004 ஜூலையில் அப்துல் கலாம் திறந்து வைத்தார். வட்ட வடிவில், நடுவே முற்றத்தோடு இருக்கும். நான் போனது வேலையில் சேர்ந்த புதிதில். அங்கிருந்த இயந்திரங்களைப் பற்றி நிறையச் சொன்னார்கள், அவையெல்லாம் மறந்துவிட்டன. மனதில் நின்றது ஜாலி சுவர். ஓட்டை ஓட்டையாக அடுக்கிய அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றபோது வெயில் துண்டு துண்டாக உடைந்து காலடியில் கிடந்தது, காற்று முகத்தில் பட்டது.

சித்தப்பா வீட்டின் பிளானைத் திருப்பி வரைந்தோம். மேற்கே பத்தடி ஆழத் தாழ்வாரம், காரும் அங்கேதான் நிற்கும். அதன் முன்விளிம்பில் பாதி அகலத்துக்குச் சுடுமண் ஜாலி. ஹாலின் கண்ணாடி போய், தாழ்வாரத்துக்குள் திறக்கிற மர ஜன்னல்கள் வந்தன. அடுத்தது வாஸ்து. தென்மேற்கில், கன்னி மூலையில், கழிவறை வரக்கூடாது என்பதில் சித்தி உறுதியாக இருந்தார். சரி, அந்த மூலையில் மாடிப்படி வரட்டும், கனமானது அங்கே இருப்பது நல்லதுதானே என்றேன். ஒத்துக்கொண்டார். குளியலறை வடமேற்கே வாயு மூலைக்குப் போனது. மாடிப்படி, தாழ்வாரம், குளியலறை மூன்றும் சேர்ந்து மேற்கு வெயிலைத் தாங்கிக்கொள்ள, படுக்கையறைகள் கிழக்கே ஒதுங்கின. வாஸ்துவோடு சண்டை போட்டுத்தான் நல்ல வீடு கட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் சண்டைக்கே அவசியம் இருக்காது.

அடுத்து கூரை. பாளையங்கோட்டையில் சித்திரை பிறக்கிற நாட்களை ஒட்டி உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது. பிறகு ஆவணி நடுவில் மறுபடி. ஒரு மாடி வீட்டில் சுவர்கள் எல்லாம் சேர்ந்து வாங்குகிற வெப்பத்தைவிடக் கூரை வாங்குவதே அதிகம். சென்னையில் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்த ஐந்து வருடம் இதை உடம்பால் படித்தேன். இரவு பதினோரு மணிக்கு மின்விசிறியைப் போட்டால், பகலெல்லாம் கான்கிரீட் தின்ற வெயிலை அது தலையில் இறக்கும்.

மத்திய அரசு 2018-இல் குடியிருப்புகளுக்காக எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று வந்தது, சித்தப்பாவின் நாலு சென்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நான் எந்த வீட்டுக்கும் அதைத்தான் கையில் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அதில் சொல்வதை ஒரு பொறியாளர் அரை நாளில் கணக்குப் போட்டுவிடலாம். கூரை வழியே வெப்பம் இறங்கும் வேகத்துக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2 (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டர் வழியே இத்தனை வாட் என்ற கணக்கு). ஆறு அங்குலக் கான்கிரீட்டை அப்படியே விட்டால் அந்த எண் மூன்றைத் தாண்டும். கான்கிரீட்டின் மேல் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை, அதன் மேல் பூச்சு, அதன் மேல் வெள்ளை ஓடு என்று போட்டால் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். திறக்கக்கூடிய ஜன்னல் பரப்புக்கும் அதில் குறைந்தபட்ச அளவு உண்டு. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் கலந்த பகுதிக்குத் தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு. எங்கள் ஆச்சி வீட்டு ஜன்னல்களை அளந்து பார்த்தேன், ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்தது.

செங்கல்லா, உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த லேசான ஏஏசி கான்கிரீட் கல்லா என்று நாட்கணக்கில் யோசித்துக் குழம்புகிறவர்களும் உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட எட்டு அங்குல ஏஏசி சுவர் பாதிக்கும் குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். உண்மைதான். ஆனால் நிழலில் நிற்கிற சுவருக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகப் பொருட்டில்லை. நிழலுக்கு முதலில் செலவழியுங்கள். மேற்கே இரண்டு புங்கங்கன்று நட்டாகிவிட்டது.

இனி சான்றிதழ். 1990-இல் இங்கிலாந்தில் பிரீயம் என்ற முறையோடு தொடங்கியது இது. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் அதன் பிறகு வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. 2001-இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் ஐஜிபிசி என்கிற இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் உருவானது. டெல்லியிலுள்ள எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிரிஹா என்ற முறை நட்சத்திரங்களால் தரம் பிரிக்கிறது. உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ் எளிமையானது: எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிப்பதால் வரும் சுற்றுச்சூழல் சுமை மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதம் மிச்சம் காட்டினால் போதும். லீடில் மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இப்படித் தங்கம் வாங்கியதுதான்.

புள்ளிகளை எங்கே தேடுவது என்பது தனிக் கலை. லீடின் நான்காம் பதிப்பில் சைக்கிள் வசதி செய்து கொடுத்தால் ஒரு புள்ளி வந்தது. எரிசக்தி மிச்சத்துக்குப் பதினெட்டு வரை இருந்தது, ஆனால் அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் வியர்வை சிந்த வேண்டும். அவசரக்காரர்கள் சைக்கிளிலிருந்து தொடங்குவார்கள். என் முன்னால் அப்படித் தொடங்கப்பட்ட கோப்புகள் வந்திருக்கின்றன. அந்த நாட்களில் வீட்டுக்குத் திரும்பும்போது மனம் கனத்துக் கிடக்கும்.

ஒரு கட்டடத்தை மறக்க முடியவில்லை. சென்னைக்குத் தெற்கே ஓர் அலுவலகம், நல்ல தரம் வாங்கியது. கட்டும் காலத்தில் அங்கிருந்த காவலாளி தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். ஒரு நாள் விடமாட்டார். கான்கிரீட்டுக்கு ஈரச் சாக்குப் போர்த்தியதால் தண்ணீர் எவ்வளவு மிச்சமானது என்று அந்த நோட்டை வைத்துத்தான் நான் கணக்குக் காட்டினேன். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். மேற்குக் கண்ணாடியில் ஊழியர்கள் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். திரைகள் இறங்கியிருந்தன, பட்டப்பகலில் விளக்குகள் எரிந்தன. காவலாளி அறை அலமாரியில் அந்த நோட்டு இருந்தது. வாசலில் சான்றிதழ்ப் பலகை மாட்டிய வாரத்தோடு எழுத்து நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே அம்மா" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

ஆனாலும் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெரிய கட்டடங்களில் பணம் போடுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், உள்ளே உட்கார்ந்து வேர்க்கிறவர் இன்னொருவர். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. நடுவில் நின்று "இதை எழுதிக் காட்டு, இதை அளந்து காட்டு" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் சான்றிதழ். அப்படிக் கேட்கிற ஆள் கட்டி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஓடுகிற கட்டடங்களுக்கென்றே தனித் தரமுறைகள் இருக்கின்றன. நான் போகிற இடமெல்லாம் அதற்கும் விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவருகிறேன்.

சித்தப்பா வீட்டில் அந்த நான்கு பேரும் சித்தப்பா ஒருவரே. இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். தனி வீடுகளுக்கும் ஐஜிபிசியில் தரமுறை உண்டு, கிரிஹாவில் சிறிய கட்டடங்களுக்கென்று ஸ்வாகிரிஹா உண்டு, வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பணத்துக்குக் கூரைப் பலகை வந்துவிடுமா?" என்று கேட்டார். பெரும்பகுதி வந்துவிடும் என்றேன். சரி, பலகையையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

தண்ணீரைப் பற்றி அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பழைய வீட்டில் முதல் ஆளாகக் குழி தோண்டியவர் அவர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் என்று மனக்கணக்காகச் சொல்வார். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு அவர் கவலை வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே தரைமட்டத்தைச் சாலையிலிருந்து மூன்றரை அடி உயர்த்தினோம், மின்மீட்டரை நெஞ்சுயரத்துக்கு மேல் ஏற்றினோம்.

இப்போது லிண்டல் வரை சுவர் எழும்பியிருக்கிறது. போன வாரம் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார். ஆனி பிறந்துவிட்டது, மேற்கே ஜாலிக்கு விட்ட இடைவெளி வழியாகக் காற்று உள்ளே பாய்ந்து வந்தது. காலி சிமெண்ட் சாக்குகள் ஹாலுக்குள் பறக்க, சித்தாள் ஒருவர் ஓடி ஓடிக் கல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "தாயி, கேட்கிறதா?" என்று போனைக் காற்றுக்கு நேராக நீட்டினார் சித்தப்பா. கேட்டது. அடுத்த புதன்கிழமை சென்ட்ரிங் அடிக்கிறார்கள். கூரைப் பலகைக்கு இன்னும் இரண்டு கடைகளில் விலை கேட்க வேண்டும்.