தச்சுக்கூடத்தில் ஒரு பருவம்

ஆகஸ்ட் 11

சுற்றுச்சூழல் மற்றும் தொழில்சார் சுகாதாரம் படிக்கிறேன் என்றால், "மருத்துவமா, பொறியியலா?" என்று கேட்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்டு என்று சொன்னால் யாருக்கும் திருப்தியில்லை.

இன்று ராமசினி. 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் நோய்களுக்கென்று தனி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர். நோயாளியிடம் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள் என்றாராம். இந்த ஒற்றைக் கேள்விக்காகப் பேராசிரியை அரை மணி நேரம் செலவிட்டார். எனக்குக் கொட்டாவி வந்தது. பிறகு வந்த பெர்சிவல் பாட்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தார். புகைபோக்கிக்குள் ஏறித் துப்புரவு செய்த சிறுவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் புகைக்கரிதான் காரணம் என்று 1775இல் எழுதியவர். சிறுவனாக இருந்தபோது ஏறிய கரி, ஆளானபின் கணக்குத் தீர்த்திருக்கிறது.

ஆகஸ்ட் 20

ஒலிக் கணக்கு. 90 டெசிபல் இயந்திரம் ஒன்றோடு அதேபோல் இன்னொன்றையும் ஓட்டினால் மொத்தம் 180 என்று எழுதிய நண்பனைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். விடை 93. டெசிபல் மடக்கைக் கணக்கு; ஒலியாற்றல் இரட்டித்தால் ஏறுவது மூன்றுதான். ஆனால் அந்த மூன்றை லேசாக நினைக்கக்கூடாது. எட்டு மணி நேரத்துக்கு 85 என்ற வரம்பிலிருந்து மூன்று ஏறினால், அங்கே இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, 100க்கு வெறும் பதினைந்து நிமிடம்.

செப்டம்பர் 3

களப்பயிற்சிக்கு எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தின் தச்சுக்கூடம். வேதிக்கூடம் கிடைத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். தூசு, அவ்வளவுதானே என்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது என்று வாசித்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். மூக்கும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளும்தான் அதன் இலக்கு.

மூத்த தச்சரிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். இரண்டு முறை பெயரைச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. "உன் குரல் சின்னதம்மா, கொஞ்சம் உரக்கச் சொல்" என்றார். குரலில் குறையில்லை. இரைச்சல் பொதுவாகச் செவித்திறனில் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்சுருதிப் பக்கத்தை. பேச்சின் மெல்லிய மெய்யொலிகள் நழுவுவதற்கு அது போதும். போன மாதம் கரும்பலகையில் இருந்த கணக்கு என் எதிரில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 9

முதல் தூசு மாதிரி வீண். தச்சரின் இடுப்பில் பம்ப், சட்டைக் காலரில் வடிதாள் வைத்த தலைப்பகுதி, நடுவில் ரப்பர் குழாய். அவர் மூச்சிழுக்கும் இடத்துக் காற்றை நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் இழுக்கவேண்டும். காலையில் ஓட்டத்தைச் சரிபார்த்தேன்: சரியாக 2.0. மாலையில் 1.7. பம்பின் பேட்டரி பழையது. இரவு முழுக்கச் சார்ஜ் செய்யவில்லை. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த மாதிரி செல்லாது. ஆறு மணி நேரம் ஒரு மனிதரைக் குழாயோடு கட்டிவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது நாய்க்குட்டி மாதிரி முனகிக்கொண்டே இருந்தது, பழகிவிட்டது" என்றார்.

செப்டம்பர் 16

நேற்று மறுபடி, ஒன்பது முதல் மூன்று வரை. பம்ப் ஒழுங்காக ஓடியது. ஓர் இரவு எடையறையில் பதப்படுத்தி வைத்த வடிதாளை நிலைமின்சாரம் நீக்கி எடைபோட்டதில் சேர்ந்திருந்தது 0.65 மில்லிகிராம். 720 லிட்டர் காற்றுக்குப் பிரித்தால் கனமீட்டருக்கு 0.9. கடின மரத்தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் எட்டு மணி நேர வரம்பு 2. பாதிகூட இல்லை! ரம்பத்தின் பின்னால் உறிஞ்சு குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கையின் முதல் பத்தியை உடனே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18

தச்சரிடம் முடிவைச் சொல்லப் போனேன். கேட்டுவிட்டு, "நீ மூன்று மணிக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டாயே, தூசு அதற்கப்புறம்தானே" என்றார்.

மூன்று மணிக்குமேல் முடித்த சாமான்களைக் கையால் தேய்ப்பார்கள். நாலரைக்குத் துடைப்பம் எடுப்பார்கள். மேசை இடுக்கில் இருப்பதைக் காற்றுக் குழாயால் ஊதித் தரைக்குத் தள்ளி, பிறகு பெருக்குவார்கள். நின்று பார்த்தேன். சன்னல் வெயிலில் தூள் எழுந்து, உட்கார மனமில்லாமல் அப்படியே தொங்கியது. ரம்பத்துக்கு இருக்கும் உறிஞ்சு குழாய் துடைப்பத்துக்கு ஏது?

நான் அவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. தச்சர் என்று தெரியும், போதும் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 19

வகுப்பில் பேராசிரியை 1977ஐச் சொன்னார். கலிபோர்னியாவில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில், தங்களுக்குக் குழந்தை பிறப்பதில்லை என்பதைத் தொழிலாளர்களே தமக்குள் பேசிக் கண்டுபிடித்தார்கள். டிபிசிபி என்ற பொருளால் விந்தணுக்கள் அழிந்திருந்ததைச் சோதனை பிறகுதான் உறுதிசெய்தது. இம்முறை கொட்டாவி வரவில்லை.

செப்டம்பர் 25

ஒன்பது முதல் ஐந்து வரை, இடைவிடாமல். துடைப்பத்தையும் விடவில்லை. 960 லிட்டர், 2.3 மில்லிகிராம். கனமீட்டருக்கு 2.4.

பழைய அறிக்கையைக் கிழித்தேன். பரிந்துரை எழுதும்போது குழுவில் சண்டை. முகக்கவசம் கொடுத்தால் முடிந்தது என்றான் ஒருவன். ஆபத்தை மூலத்திலேயே நீக்குவதில் தொடங்கும் கட்டுப்பாடுகளின் வரிசையில் அது கடைசிப் படி. துடைப்பத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் பதிலாக நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சு இயந்திரம் கேட்போம் என்றேன். கவசம் மலிவு, கிடைக்கும். இயந்திரம் கிடைக்காது என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் எழுதினோம், இயந்திரம் மேலே.

அக்டோபர் 14

இயந்திரம் வரவில்லை. கவசம் வந்துவிட்டது, ஒரு பெட்டி. தச்சர் அதைத் தாடிக்கு மேல் மாட்டிக்காட்டி, "சரியா?" என்றார். தாடி இருந்தால் ஓரங்களில் காற்று கசியும் என்று விளக்கவேண்டியிருந்தது, உரக்க. அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். காற்றுக் குழாயை மட்டும் கழற்றிப் பூட்டிவைத்துவிட்டதாகச் சொன்னார். அது அவராகவே எடுத்த முடிவு.

திங்களன்று பம்போடு மறுபடி போகிறேன். பேட்டரி இப்போதே சார்ஜில் இருக்கிறது.