எழுதப்படாத அந்த ஒரு வரி

அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் முதலில் கண்ணில் படுவது ஆதாரமும் முடிவும்தான். அட்டவணை இருக்கும், சோதனைப் பதிவு இருக்கும், கடைசியில் ‘ஆகவே’ என்று ஒரு தீர்மானம் இருக்கும். வாதம் பெரும்பாலும் உடைவது அந்த ‘ஆகவே’யில்தான். இந்த ஆதாரத்திலிருந்து இந்த முடிவுக்குப் போக எந்த விதி இடம் தருகிறது என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்தபோது இந்த விதிக்குத் தனி இடம் கொடுத்தார்: முடிவு, ஆதாரம், இரண்டையும் இணைக்கும் விதி, விதிக்கான பின்பலம் (விதி ஏன் செல்லும் என்பதற்கான சான்று), முடிவின் உறுதியளவு, அது செல்லாத விலக்கு. தமிழில் இந்த அக்கறை பழையது. மணிமேகலையின் 29ஆம் காதை ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பதற்குப் புகையை ஏதுவாக, அதாவது காரணமாக, சொல்லிவிட்டு, அடுக்களையைத் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, காட்டுகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்பும் இருக்கும் என்பதை எங்கே கண்டாய் என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

விதியை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 2006இல் பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமானம் ஆப்கானிஸ்தானில் பறக்கும்போதே தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அந்த ரக விமானம் பாதுகாப்பானது என்பதற்கான வாதம் முறைப்படி ஆவணமாகவே இருந்தது. 30 ஆண்டு பறந்த விமானம், எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற எண்ணம் அதைத் தயாரித்தவர்களிடம் முன்பே இருந்ததை 2009இல் வந்த விசாரணை அறிக்கை கடுமையாகச் சாடியது. ‘இதுவரை எரியாதது இனியும் எரியாது’ என்று அந்த விதியைத் தாளில் எழுதிப் பார்த்திருந்தால், அந்த ஆண்டுகளில் விமானம் மாறாமல் இருந்ததா என்று ஒருவராவது கேட்டிருப்பார். நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதி பின்னாளில்தான் சேர்க்கப்பட்டது.

வேலை மேசையில் செய்ய வேண்டியது இதுதான். முடிவை ஒரே வினைமுற்றோடு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் கீழே ஆதாரம். நடுவே ‘இப்படி இருந்தால் அப்படி இருக்கும்’ என்ற வடிவில் விதி. அதில் எந்தப் பெயரும் வரக்கூடாது. பிறகு அதே விதியை வேறொரு நிகழ்வுக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே ஏற்க மனம் வரவில்லையென்றால் இங்கேயும் அது செல்லாது.

மருத்துவத்தில் பின்பலம் எண்ணாகவே வருகிறது. 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தினரையும் தவறாகக் காட்டும். அப்படியென்றால் ‘பாசிட்டிவ்’ என்று வந்தவர்களில் 9 பேர் உண்மையில் நோயாளிகள், ஏறக்குறைய 50 பேர் நோயில்லாமலே சிக்கியவர்கள். ‘முடிவு பாசிட்டிவ், ஆகவே நோய்’ என்ற விதி ஆறில் ஒருவருக்குக்கூடப் பொருந்தவில்லை. பரிசோதனையில் கோளாறு இல்லை. நோய் எவ்வளவு அரிது என்பதை விதி கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு பிழை, காரணங்களை எண்ணுவதில். மூன்று காரணங்கள் தனித்தனியே முடிவைத் தாங்கினால் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும். சங்கிலியாகக் கோத்திருந்தால், ஒன்றையொன்று சாராத 80 சதவீத நம்பிக்கைகள் மூன்று சேர்ந்து 51 சதவீதம்தான் தரும். காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் எது எந்த வகை என்று தெரிந்துவிடும். மூன்று சாட்சிகளும் ஒரே ஆளிடம் கேட்டதைச் சொல்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். சாட்சியங்களை இப்படிக் கோடு போட்டு இணைக்கும் வரைபடத்தை அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் விக்மோர் 1913இலேயே வழக்கறிஞர்களுக்குக் கொடுத்துவிட்டார். வழக்கு சிக்கலானால் இன்றும் அதைவிடத் தெளிவான கருவி கிடைப்பது அரிது.

உறுதியளவைக் கடைசியாகத் தொடுங்கள். அறிக்கையின் உள்ளே ‘பெரும்பாலும்’ என்றிருப்பது சுருக்கப் பக்கத்துக்கு வரும்போது உதிர்ந்துவிடும். முடிவெடுப்பவர் படிப்பது அந்தப் பக்கத்தை மட்டும்தான். இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு ‘பெரும்பாலும்’, ‘இந்த நிலையில்’, ‘தவிர’ எங்கே போனது என்று தேடிப் பிடித்து, திரும்ப எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.